ஜீன்ஸ் – பெயர் வந்த கதை

பட்டணத்தில் பார்த்தாலும் கிராமத்தில் பார்த்தாலும் பிள்ளைகள் ஜீன்ஸ் பேண்ட் போடுகிறார்கள். நீல நிறம். தடித்த துணி. எளிதில் கிழியாது. ஜீன்ஸ் என்றால் என்ன? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

அது ஓர் ஊரின் பெயர். இத்தாலி நாட்டில் ஜெனோவா என்ற துறைமுக நகரம் இருக்கிறது. அங்கிருந்து முரட்டுப் பருத்தித் துணி பல நாடுகளுக்குப் போனது. பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஊரை 'ஷென்' என்பார்கள். அது ஆங்கிலத்தில் 'ஜீன்' ஆனது. இந்தத் துணிக்கு டெனிம் என்றும் பெயர் உண்டு. பிரான்சில் நீம் என்று ஓர் ஊர். 'டெ நீம்' என்றால் 'நீம் ஊரைச் சேர்ந்தது' என்று பொருள்.

மூன்றாவது பெயர் நம் நாட்டில் பிறந்தது. மும்பையில் துறைமுகத்தின் அருகே டோங்கிரி என்ற பகுதி இருக்கிறது. மராத்தியில் டோங்கர் என்றால் மலை. டோங்கிரி என்றால் சிறு குன்று. இந்தப் பகுதியில் விற்ற முரட்டுத் துணிக்கும் டோங்கிரி என்றே பெயர். விலை மலிவு. நன்றாக உழைக்கும். ஏழைகள் உடுத்தினார்கள். கப்பல்காரர்களும் வாங்கிப் போனார்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் 'டங்கரி' என்ற சொல் ஏறிவிட்டது. இன்றும் வெளிநாடுகளில் மார்பு வரை மறைக்கும் வேலை உடுப்பை 'டங்கரீஸ்' என்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு டோங்கிரியைத் தெரியும்?

ஜீன்ஸ் பேண்டும் உழைப்பாளியின் உடைதான். அமெரிக்காவில் ஜேக்கப் டேவிஸ் என்று ஒரு தையல்காரர் இருந்தார். ஒரு விறகுவெட்டியின் மனைவி அவரிடம் வந்தாள். கணவனுக்குக் கிழியாத கால்சட்டை வேண்டும் என்றாள். சட்டைப்பை ஓரம்தான் முதலில் கிழியும். டேவிஸ் அந்த இடங்களில் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். பலரும் அதையே கேட்டு வந்தார்கள். உரிமை பதிவு செய்ய அவரிடம் போதிய பணம் இல்லை. துணி வியாபாரி லெவி ஸ்ட்ராஸுக்குக் கடிதம் எழுதினார். 1873-ஆம் ஆண்டு மே 20-ஆம் தேதி இருவருக்கும் சேர்த்து உரிமை கிடைத்தது. ஆனால் உலகம் அறிந்தது லெவியின் பெயரை மட்டும்தான்.

துணியின் நீலத்தைப் பார்ப்போம். நெசவில் நீளவாக்கில் ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடை நூல். டெனிமில் பாவு நீலம், ஊடை வெள்ளை. அதனால்தான் உட்பக்கம் வெளுப்பாகத் தெரிகிறது. சாயம் நூலின் மேலாகவே நிற்கும். துவைக்கத் துவைக்க வெளுக்கும்.

அந்தக் காலத்தில் நீலச் சாயம் அவுரிச் செடியிலிருந்து வந்தது. பீகார் மாநிலம் சம்பாரனில் வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் விவசாயிகளைக் கட்டாயப்படுத்தினார்கள். 20 கட்டா நிலத்தில் 3 கட்டாவில் அவுரி பயிரிட வேண்டும். தன் நிலத்தில் எதை விதைப்பது என்று விவசாயி முடிவு செய்ய முடியாது. 1897-இல் ஜெர்மனியின் ரசாயன நீலம் சந்தைக்கு வந்தது. அவுரி விலை விழுந்தது. முதலாளிகள் நட்டத்தை விவசாயி தலையில் கட்டினார்கள். "இனி அவுரி வேண்டாம், அதற்குப் பணம் கொடு" என்றார்கள். குத்தகையையும் ஏற்றினார்கள்.

ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி 1916-இல் லக்னோ சென்று காந்தியடிகளைச் சந்தித்தார். விடாமல் அழைத்தார். 1917 ஏப்ரலில் காந்தி சம்பாரன் வந்தார். ஆயிரக்கணக்கான விவசாயிகளின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன. வசூலித்த பணத்தில் கால் பங்கைத் திருப்பித் தர முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். 1918-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாய அவுரிச் சாகுபடியை ஒழித்தது.