சானமாவு யானையும் பொதுத்தேர்வும்

அன்புள்ள தங்கைக்கு,

ராகி அறுவடையும் அரையாண்டுத் தேர்வும் உன் ஊரான உத்தனப்பள்ளியில் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வருகின்றன. மழைக்காலம் முடியும் முன்பே பன்னேர்கட்டா காட்டிலிருந்து புறப்படும் யானைகள் ஜவளகிரி, தளி வழியாக வந்து சானமாவுக் காட்டில் முகாமிடும். பகலெல்லாம் காட்டுக்குள் நிற்கும். இருட்டியதும் ராயக்கோட்டைப் பக்கமும் சூளகிரிப் பக்கமும் வயல்களில் இறங்கும். பன்னிரண்டாம் வகுப்புக்காரர்களுக்குச் சிறப்பு வகுப்பும் திருப்புதல் தேர்வும் நடப்பதும் அந்த மாதங்களில்தான். "இந்த நேரத்தில் யானைக் கதை எதற்கு, முதலில் பாடத்தைப் படி" என்று பெரியவர்கள் சொன்னால் அது அக்கறையில் சொல்வது. ஆனாலும் அதற்குள் ஒரு தப்புக் கணக்கு இருக்கிறது. காட்டு விலங்கைப் பற்றித் தெரிந்துகொள்ளும் நேரம் தேர்வுக்கான நேரத்திலிருந்து கழிந்துபோகிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள். உன் ஊரில் இருந்துகொண்டு விலங்கியல் படிக்கும் ஒருத்திக்கு அந்த நேரம் கழியாது, கூடும் என்பது என் கட்சி.

1988இல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 64 பள்ளி மாணவர்களிடம் பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிய ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். நன்றாக வாசிக்கக்கூடியவர்களும் வாசிப்பில் பின்தங்கியவர்களும் அதில் கலந்திருந்தார்கள்; ஆட்டம் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் இருந்தார்கள். படித்ததை நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது, ஆட்டம் தெரிந்த பின்தங்கிய மாணவர்கள், ஆட்டம் தெரியாத நல்ல வாசகர்களை முந்திவிட்டார்கள். முன்பே தெரிந்த ஒன்றின் மேல்தான் புதிய பாடம் ஒட்டுகிறது. ராகி பால் பிடிக்கும்போது யானை வருமா, முற்றிய பிறகு வருமா, தனியாக வருவது ஆணா பெண்ணா, குட்டியோடு வரும் கூட்டத்தை நடத்துவது யார் என்பதெல்லாம் உன் ஊர்ப் பிள்ளைகளுக்குத் திண்ணைப் பேச்சிலேயே தெரிந்துவிடுகிறது. எத்தனை ஆயிரம் கட்டினாலும் எந்தக் கோச்சிங் சென்டரிலும் இந்த அறிவு கிடைக்காது. இதைப் பாடத்தோடு சேர்க்காமல் விடுவதுதான் நஷ்டம்.

சேர்ப்பது எப்படி என்று மரபியலை வைத்தே பார்ப்போம். மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர். தந்தத்துக்காக கொரொங்கோசா காட்டில் யானைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்துபோயின. ஆப்பிரிக்க யானையில் பெண்ணுக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன்பு தந்தமில்லாத பெண் யானைகள் 100க்கு 19 அளவில்தான் இருந்தன. போருக்குப் பிறகு அது 51 ஆகிவிட்டது. தந்தமில்லாதது பிழைத்தது, பிழைத்தது ஈன்றது. பரிணாமப் பாடத்தில் நீ படிக்கும் இயற்கைத் தேர்வு இப்படி ஒரே தலைமுறைக் காலத்தில் கண்முன் நடந்திருக்கிறது. ஆனால் தந்தமில்லாத ஆண் ஒன்றுகூட அங்கே தென்படவில்லை. ஏன்? 2021இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒரு விளக்கம் சொன்னது: அந்தப் பண்பு எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஓங்கு பண்பு, ஆண் கருவுக்கு அதுவே கொல்லி. இப்போது நோட்டை எடுத்துக் கட்டம் போடு. தாயின் இரண்டு எக்ஸில் ஒன்று அந்தப் பண்பைத் தாங்கியது, தந்தை சாதாரணமானது. நான்கு வாய்ப்புகளில் மகள்கள் இரண்டு: ஒன்றுக்குத் தந்தம் இல்லை, ஒன்றுக்கு உண்டு. மகன்கள் இரண்டு: ஒன்று கருவிலேயே போய்விடும், ஒன்று தந்தத்தோடு பிறக்கும். ஆக, தந்தமில்லாத தாயின் பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கு பெண்ணாக இருக்க வேண்டும். களத்தில் எண்ணியபோதும் ஏறத்தாழ அப்படியே இருந்தது. பால் சார்ந்த மரபுக்கடத்தல், ஓங்கு அல்லீல், கொல்லி ஜீன் என்று மூன்று தலைப்புகள் ஒரே கணக்கில் முடிந்தன. அதோடு விட்டுவிடாதே. நம் பக்கத்து மக்னாவுக்கு இந்த விளக்கம் பொருந்துமா என்று கேட்டுப் பார். மக்னா தந்தமில்லாத ஆண். உயிரோடு, திடகாத்திரமாக நடமாடுகிறது. ஆகவே கொல்லி ஜீன் கதை அதற்குச் செல்லாது. இந்தக் கேள்வியைத் தானே கேட்டு விடை கண்டவளுக்கு அந்தப் பாடம் மறக்காது.

உன் ஊர் வயலுக்கே வருவோம். ராமன் சுகுமாரும் மாதவ் காட்கிலும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், வளர்ந்த ஆண் யானைகள் பெண் யானைகளைவிட அதிகமாகப் பயிரில் இறங்குவதைக் காட்டினார்கள். பயிரில் புரதமும் உப்புச்சத்தும் காட்டுப் புல்லைவிடக் கூடுதல். நல்ல உடம்போடு இருக்கும் ஆணுக்கு இனப்பெருக்க வாய்ப்பும் கூடும் என்பதால் ஆபத்து இருந்தாலும் துணிகிறது; குட்டியோடு இருக்கும் கூட்டம் அவ்வளவு துணிவதில்லை. 2019இல் நிஷாந்த் சீனிவாசையா குழுவினர் தென்னிந்தியாவில் 248 ஆண் யானைகளைப் படம் பிடித்து அடையாளம் கண்டு ஆராய்ந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. தனித்துத் திரிய வேண்டிய இளம் ஆண்கள், வயல் நிறைந்த பகுதிகளில் நீண்டநாள் சேர்ந்திருக்கும் கூட்டங்களாகவே மாறியிருந்தன. சூழலுக்கேற்ற நடத்தை மாற்றத்துக்கு உதாரணம் கேட்டால், பாடநூலில் அச்சான ஏதோ ஒரு பாலைவன விலங்கைத் தேடி நீ போக வேண்டியதில்லை. இனக்கூட்டப் பாடமும் அப்படியே: கர்ப்பம் 22 மாதம் வரை, ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் நாலைந்து வருடம். இப்படி மெதுவாகப் பெருகும் இனம் சில சாவுகளைக்கூடத் தாங்காது.

"திருத்துபவர் விடைக்குறிப்பைப் பார்த்துத்தானே மதிப்பெண் போடுவார், சானமாவைப் பார்த்தா போடுவார்?" என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. கலைச்சொல் புத்தகத்தில் உள்ளபடியே வேண்டும், வரையறை பிசகக் கூடாது, புக் பேக் கேள்விகளைத் தவறாமல் செய்ய வேண்டும். யானை இதற்கெல்லாம் மாற்று ஆகாது. ஹார்மோன்களின் பட்டியலுக்கும் நோய்த்தடைக் காப்புக்கும் யானையை வலிந்து இழுக்கவும் வேண்டாம். ஆனால் அந்தச் சொற்கள் தேர்வு நாள் வரை மனதில் நிற்க வேண்டுமே. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனையில் ஒரு பத்தியைச் சிலர் இரண்டு முறை படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56. மறுபடி மறுபடி வாசிக்கும்போது எல்லாம் தெரிந்துவிட்டதாகத் தோன்றுவதில்தான் ஏமாற்றம். உங்கள் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுத் தேர்வைத் தமிழில் எழுதும் பிள்ளைகள் நிறைய. பொருள் புரியாத வாக்கியங்களை உருப்போடுவது அவர்களுக்கு இரட்டைச் சுமை. முதலில் வீட்டு மொழியிலேயே யானையை வைத்து விளக்கிச் சொல்லிப் பார்த்து, பிறகு புத்தகத்தின் கலைச்சொல்லைப் போட்டுத் தமிழில் எழுதினால் அந்தச் சுமை குறையும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. ஓர் இரவில் ஒரு வருட உழைப்பை இழந்த வீட்டில், காவலுக்குப் போனவர் திரும்பாத வீட்டில், யானையின் அருமை பெருமையைப் பேசுவது எப்படி? பேச வேண்டாம். நான் சொல்வது யானையைப் புகழும் பாடம் அல்ல. 2023 மார்ச்சில் பக்கத்துத் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே திருட்டு மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தப்பின. அந்த வேலியில் மனிதரும் சிக்கியிருக்கலாம். வயலைக் காக்க வேண்டியவர் ஏன் அந்த நிலைக்குப் போனார், அகழியும் சூரிய மின்வேலியும் எங்கே பயன்படும், எங்கே தோற்கும், தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நிலம் போகப் போக யானை எந்தப் பக்கம் திரும்பும் என்பவை எல்லாம் விலங்கியலோடு சேர்த்து யோசிக்க வேண்டிய கேள்விகள். வயலையும் யானையையும் ஒன்றாகப் பார்த்து வளர்ந்தவர்களால்தான் இவற்றை நேர்மையாக எழுத முடியும்.

நீ மாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருபவளாக இருந்தால், அவர்களிடம் தொடங்க வேண்டிய இடம் வேறு. படக்கதை யானையையும் கோயில் யானையையும் மட்டும் அறிந்த பிள்ளை, வயலோரம் யானை நிற்கிறது என்று கேட்டால் பார்க்க ஓடும். ஆகவே முதல் பாடம்: யானைக்குக் கண்பார்வை சுமார், மோப்பம் மிகக் கூர்மை, காற்று உன் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் நீ அதைக் காணும் முன்பே அது உன்னை அறிந்துவிடும். குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகாதே. விடியும் முன்பும் இருட்டிய பின்பும் காட்டோரப் பாதையில் தனியாக நடக்காதே. சிறப்பு வகுப்பு முடிந்து வரும் அக்காவுக்கும் இது பொருந்தும். வனத்துறையினர் முகாம் பற்றி எச்சரித்த நாளில் வேடிக்கை பார்க்கப் போகவே கூடாது. பார்ப்பதற்கு யானை போட்டுவிட்டுப் போன லத்தி போதும். காய்ந்த லத்தியைக் குச்சியால் பிரித்தால் அரைபடாத நாரும் புல்லும் முழுசு முழுசாகக் கிடக்கும். தின்றதில் பாதியைக்கூட யானை செரிப்பதில்லை. அசைபோடும் மாட்டைப்போல் நான்கு அறை இரைப்பை அதற்கு இல்லை, நொதித்தல் பின்குடலில்தான் நடக்கிறது. மாட்டுச் சாணத்தில் நார் ஏன் பொடியாக இருக்கிறது, லத்தியில் ஏன் அப்படி இல்லை என்று அவர்களைக் கேள். விடையை அவர்கள் சொன்ன பிறகு, புத்தகத்தை மூடிவிட்டு நீயும் செரிமானப் பாடத்தை ஒரு பக்கம் எழுதிப் பார்.

அன்புடன்,
உன் அண்ணன்