கோதுமைப் பருவத்தைக் கவனித்தல்

(கல்வி வட்டப் பாடம்)

விம்கோ நகரிலோ, அதனை அடுத்த எண்ணூர், திருவொற்றியூர்ப் பகுதிகளிலோ கோதுமை விளைவதில்லை. எனினும் கோதுமை புழங்காத வீடு இங்கு அரிது. நியாயவிலைக் கடையில் அரிசியின் ஒரு பகுதிக்குப் பதிலாக அதனைப் பெறுகிறோம். போதாததற்கு வெளியில் மாவாக வாங்குகிறோம். தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் மிகப் பெரும்பாலானவற்றை நடத்துபவை கூட்டுறவுச் சங்கங்களே. ஆகவே, “இம்மாதம் கோதுமை ஏன் குறைந்தது? மாவு விலை ஏன் ஏறிற்று?” என்று அங்கத்தினர் கேட்கும்போது, விடை கூறும் பொறுப்பு நம்முடையதாகிறது. அவ்விடை பல சமயங்களில் அந்த மாதத்துக் கணக்கில் இராது. சில மாதங்களுக்கு முன் வடநாட்டு வயல்களில் அடித்த வெயிலிலும் பெய்த மழையிலும் இருக்கும். அதனை முன்கூட்டி அறியும் வழியை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பயிரின் ஐந்து மாதங்கள்

நம் நாட்டுக் கோதுமையில் பெரும்பகுதி உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான் ஆகிய மாநிலங்களில் விளைகிறது. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து நிலம் வறளும் காலத்துப் பயிர் இது. நவம்பரில், அதாவது நம் ஐப்பசி கார்த்திகையில், பெரும்பாலும் விதைப்பு நடக்கும். மார்ச், ஏப்ரலில் அறுவடை. இடையில் மழை சிறிதே கிடைப்பதால் அணைநீரும் ஆழ்கிணறுமே பெருந்துணை.

விதைத்த 21 ஆம் நாளை ஒட்டிப் பயிர் தண்டின் அடியில் புதுவேர் விடும். அப்போது தண்ணீர் தவறினால் தூர் குறையும். டிசம்பர், ஜனவரிக் குளிர் நீடித்தால் தூர் பெருகும். மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் காற்றுக் கலக்கங்கள் தரும் சிறுமழையும் பயிருக்கு நன்மையே. பிப்ரவரியில் கதிர் விட்டுப் பூத்து, அதன்பின் மணி பிடிக்கும். பொன்னேரிப் பக்கத்து நெல்லில் கதிர் பால் பிடிக்கும் தருணம் எவ்வளவு மென்மையானதோ, அவ்வளவு மென்மையானது இத்தருணம். அப்போது உஷ்ணம் மிகுந்தால் பயிர் விரைந்து முதிர்ந்து மணி சுருங்கும். அறுவடை நெருங்கும்போது ஆலங்கட்டி மழை பெய்தால் பயிர் சாய்ந்துவிடும்.

கவனிக்கும் முறைகள்

பயிரின் நிலையை மூன்று வழிகளில் கவனிக்கிறார்கள். முதலாவது, வானிலை. 1875 இல் நிறுவப்பட்ட இந்திய வானிலைத் துறை, மழையையும் உஷ்ணத்தையும் அளந்து அறிக்கை வெளியிடுகிறது. மத்திய நீர்வளக் குழுமம் பெரிய அணைகளின் நீர் இருப்பை வாரந்தோறும் அறிவிக்கிறது.

இரண்டாவது, விண்ணிலிருந்து பார்த்தல். பசும்பயிர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும்; கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிரை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். இவ்விரண்டின் விகிதத்தைச் செயற்கைக்கோள் அளந்து, எங்கே பயிர் செழிப்பாக உள்ளது, எங்கே வாடுகிறது என்று காட்டுகிறது. 2012 இல் புதுதில்லியில் தொடங்கப்பட்ட மகாலனோபிஸ் தேசியப் பயிர் முன்கணிப்பு மையம் இப்பணியைச் செய்கிறது.

மூன்றாவது, நிலத்திலேயே அளத்தல். முன்கூட்டி நிச்சயிக்காமல் பொறுக்கி எடுத்த வயல்களில் ஒரு சிறு துண்டை அளந்து, அறுத்து, மணியை எடைபோட்டு மகசூலைக் கணக்கிடுவர். முதலிரண்டும் குறி சொல்லும்; இம்மூன்றாவதே எடை சொல்லும்.

நீலகிரியின் தொடர்பு

இக்கண்காணிப்பில் நம் மாநிலத்திற்கும் பங்கு உண்டு. கோதுமையைத் தாக்கும் துரு நோய்ப் பூசணம் வடநாட்டுச் சமவெளியின் கோடை வெப்பத்தில் பிழைப்பதில்லை. நீலகிரி, பழனி போன்ற மலைகளின் குளிர்ச்சியில் அது உயிர்தரித்திருந்து, பிறகு காற்றில் பரவுகிறது என்பதை அறிஞர் கே. சி. மேத்தா தம் ஆராய்ச்சியால் விளக்கினார். வங்கக் கடலில் எழும் புயல்கள் நீலகிரியிலிருந்து தண்டுத் துருவின் நுண்வித்துக்களை மத்திய இந்தியாவிற்குக் கொண்டுசென்று மழையோடு இறக்கக்கூடும் என்பதும் பின்னர் அறியப்பட்டது. நமக்குக் கார்த்திகைப் புயலாக இருப்பது அங்கே கோதுமைக்கு நோயாகலாம். துருவைத் தாங்கும் இரகங்கள் பரவியதால் ஆபத்து குறைந்திருப்பினும், நீலகிரி வெல்லிங்டனில் உள்ள கோதுமை ஆராய்ச்சி நிலையம் இன்றும் இந்நோயைக் கவனித்து வருகிறது.

இரண்டு ஆண்டுகள் தரும் பாடம்

2022 பிப்ரவரியில் அரசாங்கத்தின் மதிப்பீடு 1,113 இலட்சம் டன். ஆனால் அவ்வாண்டு மார்ச் மாதம், 1901 முதல் உள்ள பதிவுகளில் மிக வெப்பமான மார்ச்சாக அமைந்தது. மணி பிடிக்கும் வேளையில் வெயில் தாக்கிற்று. மே மாதத்தில் மதிப்பீடு 1,064 இலட்சம் டன்னாகக் குறைக்கப்பட்டது. உக்ரைன் போரால் வெளிநாட்டு விலையும் ஏறியிருந்தமையால் வியாபாரிகள் மிகுதியாக வாங்கினர். அரசுக் கொள்முதல் முந்தைய ஆண்டின் 433 இலட்சம் டன்னிலிருந்து 188 இலட்சம் டன்னாகச் சரிந்தது. மே 13 அன்று ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. கேரளம் உள்ளிட்ட சில மாநிலங்களில் இலவசத் திட்டத்துக் கோதுமைக்குப் பதிலாக அரிசி வழங்கப்பட்டது.

விளைச்சலில் ஏற்பட்ட குறைவு இருபதில் ஒரு பங்கிற்கும் சிறிது. கொள்முதலில் ஏற்பட்ட குறைவோ பாதிக்கும் மேல். இது நாம் ஊன்றிக் கவனிக்கத் தக்கது. பாவில் சில இழைகள் அறுந்தாலே தறி நின்றுவிடுவதுபோல, சிறு குறைவும் விநியோகம் முழுவதையும் தடுமாறச் செய்யும்.

மறு ஆண்டு நேர்ந்தது வேறு. 2023 பிப்ரவரியும் மிகக் கடும் வெப்பமாக இருக்கவே, 2022 மீண்டும் வருமோ என்று பலர் அஞ்சினர். மார்ச்சில் மழை பெய்து வெப்பம் தணிந்தது. சில இடங்களில் பயிர் சாய்ந்தாலும், மொத்த விளைச்சல் அரசுக் கணக்கின்படி 1,105 இலட்சம் டன்னாயிற்று. அரசும் ஜனவரியிலேயே 30 இலட்சம் டன்னை வெளிச்சந்தையில் விற்பதாக அறிவித்திருந்தது. ஆகவே ஒரு மாத வெயிலைக் கண்டு அச்சத்தால் வாங்கிக் குவிப்பது தவறு என்பது தெளிவு.

மழையை மட்டுமே பெரிதும் நம்பிப் பயிரிடும் ஆஸ்திரேலியாவில் ஏற்றத்தாழ்வு இன்னும் அதிகம். வறட்சியால் 2019-20 இல் ஏறத்தாழ 150 இலட்சம் டன்னே கண்ட அந்நாடு, நல்ல மழையால் 2022-23 இல் ஏறத்தாழ 400 இலட்சம் டன் கண்டது. 2016-17 இல் நம் தென்னாட்டு மாவு ஆலைகள் அங்கிருந்து கப்பலில் கோதுமை தருவித்தன. 2019 இல் இறக்குமதி வரி 40 சதவீதமாக உயர்த்தப்பட்டபின் அவ்வழி சுருங்கிவிட்டது. நாம் நம்பியிருப்பது உள்நாட்டு விளைவையே.

நாம் செய்யத் தக்கது

சங்க அலுவலகத்தில் இதற்கென ஒரு குறிப்பேடு வைப்போம். நவம்பரில் அணை நீரையும், டிசம்பரில் விதைத்த பரப்பையும், பிப்ரவரி, மார்ச்சில் உஷ்ணத்தையும், ஏப்ரல் முதல் தேதியில் அரசுக் கிடங்கு இருப்பையும், அதன்பின் கொள்முதலையும் பத்திரிகைகளிலிருந்து குறித்து வருவோம். ஏப்ரல் முதல் தேதிக்கு அரசு வைத்துள்ள இருப்பு வரம்பு 74.6 இலட்சம் டன். இருப்பு அதனை நெருங்கினால் எச்சரிக்கை. ஒரு குறி தென்பட்டால் கவனிப்போம். இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் சங்க நிர்வாகக் குழுவைக் கூட்டி முடிவு செய்வோம். அங்கத்தினருக்கும் காரணத்தை அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். காரணம் அறியாதபோது பரபரப்பு எழுகிறது. பரபரப்பில் இலாபம் அடைபவர் பதுக்குவோரே.

வட்டக் கூட்டத்தில் விவாதிக்க:

1. 2022 இல் விளைச்சல் சிறிதே குறைந்தும் கொள்முதல் பாதிக்கும் கீழே சென்றது ஏன்?

2. பிப்ரவரி வெயிலை மட்டும் பார்த்து ஒரு சங்கம் ஆறு மாதச் சரக்கு வாங்கினால் விளையும் நன்மை தீமைகள் யாவை?

3. நெல்லுக்கும் நூலுக்கும் இத்தகைய குறிப்பேடு வைப்பதாயின், எவ்வெவற்றைக் குறிக்க வேண்டும்?