கோபுரத்தில் முளைத்த அரசு

திருவண்ணாமலைக்கு வருவோர் கண்ணில் முதலில் படுவது மலை. அடுத்துப் படுவது கிழக்குக் கோபுரம். பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடைய அக்கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார். தஞ்சை நாயக்க மன்னரான செவ்வப்பர் முடித்தார். அதன் அடிப்பகுதி கருங்கல்லால் ஆயது. மேற்பகுதி செங்கல்லும் சுண்ணச் சாந்தும் கொண்டது. இத்தகைய பெருங்கட்டடத்திற்கு இடியும் மழையுமே பகை என்று எண்ணலாகாது. கடுகினும் சிறிய விதையொன்றும் பகையே.

காக்கையும் மைனாவும் அரசம்பழத்தை உண்டு கோபுரத்தில் வந்து அமர்கின்றன. எச்சத்தோடு விழும் விதை, சாந்து உதிர்ந்த இடுக்கில் படிந்த தூசியையே மண்ணாகக் கொண்டு முளைக்கிறது. மேலே நாலைந்து இலைகளே தோன்றும். உள்ளே வேரோ ஈரத்தைத் தேடி நெடுந்தொலைவு சென்றிருக்கும். வேர் பருக்கப் பருக்க இடுக்கு விரிகிறது. விரிந்த வழியே மழைநீர் இறங்குகிறது. நீர் இறங்கிய இடத்தில் சாந்து வலுவிழக்கிறது. கிருஷ்ணதேவராயர் 1516 ஆம் ஆண்டில் காளத்தியில் எழுப்பிய கோபுரம், விரிசல் மிகுந்து, 2010 ஆம் ஆண்டு மே 26 ஆம் நாள் சரிந்து வீழ்ந்தது. அவ்வீழ்ச்சிக்கு வேர்தான் காரணம் என்று கூறுதல் பொருந்தாது; ஆயினும், விரிசல் எத்துணைக் கொடியது என்பதற்கு அது சான்றன்றோ?

நாவுக்கரசர் உழவாரப் படை ஏந்திக் கோயில்தோறும் புல்லைச் செதுக்கினார். அவர் வழி நின்று உழவாரப் பணி செய்வோர் இன்றும் உளர். ஆனால், தரையில் புல் செதுக்குவது வேறு. இருநூறடி உயரத்தில் வேரைக் களைவது வேறு. குடமுழுக்குக் காலத்தில் கோபுரத்தைச் சுற்றிச் சாரம் கட்டுவர். இக்கோயிலில் 2017 ஆம் ஆண்டில் குடமுழுக்கு நடைபெற்றது. சாரம் கட்டுதற்கு அரிய உயர்சுவரிலும் செங்குத்துப் பாறையிலும் கயிற்றில் இறங்கியே பணி செய்தல் வேண்டும்.

இறங்குபவனுக்குக் கயிறுகள் இரண்டு: ஒன்று அவனைத் தாங்கும், மற்றொன்று, முதற்கயிறு அறுந்தால் காக்கும். ஆதலின் இரண்டையும் ஒரே இடத்தில் கட்டமாட்டார்கள். கூரிய விளிம்பில் கயிறு தேயாதபடி அடியில் தடித்த உறை இடுவர். அரிவாளும் நழுவி விழாதவாறு அவன் இடுப்போடு பிணைக்கப்பட்டிருக்கும். வேலை எப்போதும் மேலிருந்து கீழ்நோக்கியே நடைபெறும். கீழே தொடங்கினால், மேலே பெயரும் கல் அவன் தலையிலேயே விழும். பருத்த வேரை இழுத்துப் பிடுங்குதல் பெரும்பிழை. வேரோடு கல்லும் வந்துவிடும். தண்டை மட்டும் வெட்டினாலோ, அடுத்த மழையில் மீண்டும் துளிர்க்கும். ஆதலின், வெட்டிய வாயில் மருந்து தடவி, வேர் பட்டபின் இடுக்கைச் சுண்ணச் சாந்தால் அடைப்பர்.

மலையின் நிலை இவ்வளவு எளிதன்று. விறகுக்கும் தீக்கும் இரையாகி மொட்டையாய்க் கிடந்த சரிவுகளில் தன்னார்வலர் பல்லாண்டுகளாக மரம் நட்டு வளர்த்தனர். அங்கே வேர் மண்ணைப் பிணைத்து நிற்கிறது. 2024 ஆம் ஆண்டு டிசம்பர் 1 ஆம் நாள், புயல்மழையில் சரிவொன்று பெயர்ந்து, மண்ணும் பாறையும் அடிவாரத்து வீட்டின்மேல் விழுந்தன. சிறுவர் ஐவர் உட்பட எழுவர் மாண்டனர். இனி, பாறை மேலுள்ள மரத்தையெல்லாம் வெட்டிவிடலாமே என்று சிலர் கூறலாம். மண்ணைத் தாங்கும் மரத்தையும் சேர்த்து வெட்டினால் அடுத்த மழையில் அம்மண்ணும் இறங்கிவிடும். பிளவில் நின்று பாறையை நெம்பும் மரம் எது, சரிவைப் பிடித்து நிற்கும் மரம் எது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறியிட்ட பின்னரே கயிறு கட்டுதல் முறை.