ஆடி பிறந்துவிட்டது: அவகாசமில்லாத இல்லத்தாருக்குச் சில ஆலோசனைகள்

ஜூலை 16 அல்லது 17-ஆம் தேதி தொடங்கி ஆகஸ்டு நடுப்பகுதி வரையில் நீளும் ஆடி மாதத்தை, கல்யாணம் முதலிய சுபகாரியங்களுக்கு ஆகாததென்று நம்மவர் ஒதுக்கிவைத்திருப்பதும், ஜவுளிக் கடைக்காரர்கள் தள்ளுபடியென்று கூவி அழைப்பதும் யாவரும் அறிந்தவையே. ஆனால் கொல்லையில் நான்கு முழ மண்ணோ, மாடியில் ஐந்தாறு தொட்டிகளோ உடையவர்களுக்கு, பன்னிரண்டு மாதங்களுள் இதைக் காட்டிலும் சுபமான மாதம் வேறொன்றில்லை என்பதை, ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்ற பழமொழியை உதட்டளவில் சொல்லிக்கொண்டிருக்கும் நாம் அநேகமாக மறந்துவிட்டோம்.

பழமொழிக்குக் காரணம் வெளிப்படையானது. நம் மாநிலத்தில் வருஷம் முழுதும் பெய்யும் மழையில் ஏறக்குறைய பாதி, ஐப்பசி, கார்த்திகையை நடுவாகக் கொண்ட வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. இன்று ஊன்றும் விதை, கோடையின் கொடுமை தணிந்த இந்த மாதத்தில் முளைத்து, ஆவணியின் மாலைத் தூற்றல்களைக் குடித்து வேர் ஊன்றி, பெருமழை வரும்போது அதைத் தாங்கவும் பயன்படுத்திக்கொள்ளவும் வல்ல கொடியாகவோ செடியாகவோ நிற்கும்; ஐப்பசியில் ஊன்றிய விதையோ ஈரத்தில் அழுகும், தப்பி முளைத்தால் நாற்றுப் பருவத்திலேயே மழையடியில் சாயும்.

காலை ஏழரைக்குப் பள்ளி வேன், ஒன்பதுக்கு அலுவலகம், மாலையில் வீட்டுப் பாடம் என்று ஓடும் சம்சாரத்தில் தோட்டத்திற்கு நேரம் ஏது என்று கேட்கலாம். நேரமில்லாதவருக்குத்தான் பருவம் அத்தியாவசியம் என்பது என் அபிப்பிராயம். அவகாசம் நிரம்பியவர் பருவம் தப்பி விதைத்துவிட்டு, நாள்தோறும் குடம் சுமந்தும் பூச்சி பொறுக்கியும் அந்தப் பிழையை ஈடுசெய்துகொள்ளலாம்; அவகாசமில்லாதவருக்கு அந்த வேலையில் முக்கால் பங்கைக் காற்றும் மழையும் வெயிலும் செய்துகொடுக்க வேண்டும், அவை செய்துகொடுக்கும் மாதமோ குறிப்பிட்டது.

இதை நான் கற்றது ஓர் அவரைக் கொடியிடம். ஒரு வருஷம் ஆடியில் வேலைத் தொந்தரவென்று தள்ளிப்போட்டு, அடுத்த சித்திரை விடுமுறையில் ஆற அமர அவரையை ஊன்றினேன். கோடை முழுதும் நீர் விட்டதில் கொடி பந்தலை மூடிற்று. இலையென்றால் இலை, அப்படியோர் இலை. பூ மட்டும் இல்லை. உரம் போதாதோ, கண்ணேறோ என்று நாங்கள் குழம்பிக்கொண்டிருக்க, பக்கத்து வீட்டுப் பாட்டி எட்டிப்பார்த்து, “அவரைக்குப் பனி விழணும் சாமி, அதுவரைக்கும் நீ தலைகீழா நின்னாலும் பூக்காது” என்றார். பழைய கொடியவரை, பகற்பொழுது குறுகும் காலத்தில்தான் அரும்பு கட்டும். அந்தக் கொடி எட்டு மாதம் என் தண்ணீரைக் குடித்துவிட்டு, மார்கழியில் பூத்தது. ஆடியில் விதைத்த பாட்டியின் கொடியும் அதே வாரத்தில்தான் பூத்தது.

முதல் வாரம்: மண்ணும் விதையும்

கொல்லை உடையவர்கள், பந்தற்கொடிகளுக்கு ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து இரண்டு மூன்று நாள் வெயில் காயவிட்டு, மேல்மண்ணோடு ஒரு கூடை மட்கிய தொழுவுரமும் இரண்டு பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடி, நீர் தெளித்து வைக்கவும். மாடியில் வளர்ப்போர், செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய எரு ஆகிய மூன்றையும் சமபாகமாகக் கலந்து தொட்டியிலோ குரோ பேக்கிலோ முக்கால் உயரம் நிரப்பி, விதைக்கு முன் ஒரு வாரம் ஈரம் காயாமல் வைத்திருப்பது உத்தமம். பைகளைத் தளத்தின்மேல் நேரே வைக்காமல், இரண்டு செங்கல் அல்லது பலகையின்மேல் ஏற்றி, சுவரோரமாக வரிசைப்படுத்தினால் தளத்தில் நீர் தேங்காது; நடுத்தளத்தில் பாரமும் ஏறாது.

விதை வாங்கும்போது கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. எந்த விதையாயினும் பத்தை எண்ணி எடுத்து, ஈரத்துணியில் முடிந்து, நிழலில் நான்கைந்து நாள் வைத்துப் பார்க்கவும். பாகல், பீர்க்கு முதலிய தடித்த தோலுடையவற்றுக்கு ஒரு வாரம் கொடுக்கலாம். எட்டு முளைத்தால் விதை நன்று. ஐந்தே முளைத்தால் இரட்டிப்பாக ஊன்ற வேண்டும். அதற்கும் குறைந்தால் வேறு விதை தேடுவதே உசிதம். ஆடியில் அம்மன் கோயில்களுக்கு எடுக்கும் முளைப்பாரியும், தானியங்களைச் சட்டியிலிட்டு முளைக்கவைக்கும் வழக்கமாதலால், பக்தியோடு விதைப் பரீட்சையும் அதில் அடங்கியிருக்கிறதென்று குடியானவர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இரண்டாம் வாரம்: விதைப்பு

அவரை, புடல், பீர்க்கு, பாகல், சுரை, பரங்கி ஆகியவற்றுள் நாலு பேர் கொண்ட குடும்பத்திற்கு ஏதேனும் மூன்று போதும். ஆறையும் ஊன்றுபவர் பெரும்பாலும் ஒன்றையும் பார்க்க முடியாமல் தவிப்பார். பாகல், பீர்க்கு விதைகளை முதல் நாளிரவு நீரில் ஊறவைத்து, குழிக்கு நான்கு வீதம், விதைப் பருமனுக்கு இருமடங்கு ஆழத்தில் ஊன்றி, நான்கிலை விட்டதும் திடமான இரண்டை நிறுத்தி மற்றவற்றைக் களையவும். களைய மனம் வராமல் நான்கையும் விட்டுவைப்பது, நான்கையும் பட்டினி போடுவதற்குச் சமானம்.

வெண்டையை ஒன்றரை அடிக்கு ஒன்றாக நேரே ஊன்றிவிடலாம். நாற்பத்தைந்து நாளிலிருந்து காய்க்கும். கத்தரி, மிளகாய், தக்காளி மூன்றையும் ஒரு பழைய டப்பாவில் நாற்றாக விட்டு, தக்காளியை இருபத்தைந்து நாளிலும், கத்தரியை முப்பது, முப்பத்தைந்து நாளிலும், மிளகாயை இன்னும் சில நாள் கழித்தும், வெயில் தாழ்ந்த மாலையில் பிடுங்கி நடவும்.

எல்லாவற்றிலும் சீக்கிரமாகப் பலன் தந்து, வீட்டாரின் உற்சாகத்தைக் காப்பாற்றுவது கீரை. சிறுகீரை இருபத்தைந்து நாளில் வேரோடு பிடுங்கும் பருவத்துக்கு வந்துவிடும்; அரைக்கீரையோ அறுக்க அறுக்கத் துளிர்க்கும். பொடி விதையாதலால் நான்கு பங்கு மணலோடு கலந்து தூவி, கையால் லேசாகத் தடவிவிட்டு, பூவாளியால் நீர் தெளிக்கவும். விதையை எறும்பு இழுத்துப் போகாமலிருக்க எங்கள் வீட்டில் பாத்தி ஓரத்தில் ஒரு பிடி அரிசி நொய்யைத் தூவுவது வழக்கம். எறும்புக்கு நொய், நமக்குக் கீரை.

இடமிருப்பவர்கள் முருங்கைப் போத்து ஒன்றை இப்போதே நட்டு, வெட்டுவாயில் சாணி உருண்டை அப்பிவைக்கலாம். போத்து கிடைக்காதவருக்குப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி அளித்த பி.கே.எம்.-1 விதை இருக்கிறது. விதைத்த ஆறாம் மாதத்திலேயே காய்க்கத் தொடங்குவது அதன் விசேஷம். ஒரு தொட்டியில் இரண்டு விரலி மஞ்சளும் ஊன்றுங்கள். ஆனியிலேயே ஊன்றியிருந்தால் சிலாக்கியம், ஆடி முதற்பாதியும் குற்றமில்லை.

பதினெட்டாம் பெருக்கை ஒட்டி: பந்தல்

ஆகஸ்டு 2 அல்லது 3-ஆம் தேதி வரும் ஆடிப்பெருக்குக்குள் பந்தல் நின்றுவிட வேண்டும்; கொடி ஏறிய பிறகு கால் நடுபவர் வேரை அறுப்பார். அம்மியையே பறக்கவைக்கும் என்று பெயரெடுத்த ஆடிக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதால், சவுக்குக் கழிகளை ஒன்றரை அடி ஆழம் புதைத்து, மேற்குப் பக்கமாக ஓர் இழுகயிறு கட்டுவது அவசியம். கொடியைக் கழியோடு கட்ட நைலான் கயிறு ஆகாது, தண்டை அறுத்துவிடும். பழைய பருத்திச் சேலையின் கிழிசல்தான் அதற்கென்று பிறந்தது. கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் படரும், காய்ப்பவை அவையே.

தென்காசி, பொள்ளாச்சி, நாகர்கோவில் பக்கத்து அன்பர்கள் சாரல் மண்டலத்தில் இருப்பவர்களாதலால், பாத்தியை மேடாக அமைத்து வடிகாலில் கவனம் வைக்கவும். மற்ற ஊர்களில் இந்தக் காற்று தொட்டி மண்ணை நாம் எண்ணுவதைவிட விரைவில் உலர்த்தும். மேலே ஈரமாய்த் தெரிவதை நம்பாமல் விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்த்து, உலர்ந்திருந்தால் மாத்திரம் காலையில் நீர் விடவும். அரிசி, பருப்பு களைந்த கழுநீரை விடலாம். உப்புக் கலந்த எதையும் விடலாகாது.

பூச்சிக்கு முன்னெச்சரிக்கை

அவரைத் தளிரில் அசுவினி கூடு கட்டினால், பனி ஈரம் உலராத காலையில் சலித்த அடுப்புச் சாம்பலைத் தூவினாலே பெரும்பாலும் விலகும். மிஞ்சினால், ஒரு லிட்டர் நீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கவும். பாகல், பீர்க்கில் பழ ஈ குத்திய பிஞ்சுகளைச் செடியடியில் போட்டுவைப்பது, அடுத்த தலைமுறை ஈயை நாமே வளர்ப்பதாகும். அவற்றைப் பொறுக்கி ஆழப் புதைத்து, நல்ல பிஞ்சுகளுக்குக் காகிதப் பை சுற்றவும்.

அடுக்களைப் பக்கம்

செடி முளைக்கும்வரை சும்மா இருக்கும் மாடி வெயிலை வீணாக்கலாகாது. உலர்ந்த காற்றும் மிதமான வெயிலும் சேர்ந்த இந்த நாட்கள் மோர்மிளகாய்க்கு ஏற்றவை. பருத்த பச்சைமிளகாயைக் கழுவி ஈரம் துடைத்து, காம்பும் நுனியும் பிளவுபடாமல் நடுவே மட்டும் கீறி, உப்பிட்ட புளித்த தயிரில் இரண்டு இரவு ஊறப்போடவும். மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் பாயில் பரப்பி, மாலையில் அதே மோரில் திரும்பப் போட வேண்டும்; இப்படிப் பகலில் வெயிலும் இரவில் மோருமாக நான்கைந்து நாள் சென்றால், மோர் முழுதும் மிளகாய்க்குள் போய்ச் சட்டி காலியாகும், பச்சை நிறம் வைக்கோல் நிறமாகும். பிறகு குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்னும் வரையில் காயவைத்தால் ஜாடியில் ஒரு வருஷம் இருக்கும். ஆடிக்காற்றின் புழுதிக்கு, மல்துணியைப் போர்த்து நான்கு மூலையிலும் கல் வைப்பதை மறவாதீர்கள். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரை வற்றல்களும் இதே பாயில் இடம் கேட்கும்.

மழைக்காலத்திற்கு வேண்டிய பருப்பையும் மல்லி மிளகாயையும் இந்த மாதமே வெயிலில் காட்டவும். காய்ந்த சூட்டோடு டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும். நிழலில் ஆறவிட்ட பிறகே மூட வேண்டும். மில்லில் அரைத்துவந்த சாம்பார்ப் பொடிக்கும் இதே நியமந்தான்: காகிதத்தில் பரப்பி, கை சுடாத பதம் வந்தபின் ஜாடிக்குள். அரிசிப் பானையில் உலர்ந்த வேப்பிலையையும், பருப்பு டப்பாவில் நாலு வரமிளகாயையும் போட்டுவைத்தால் வண்டு அண்டுவது குறையும்.

வேலைப் பங்கீடு

மேலே சொன்னவற்றைப் படித்து மலைப்பு அடைய வேண்டாம். குழியும் பந்தலும் இரண்டு ஞாயிறு காலைகளில் முடியும். மற்றவை தினம் பத்து நிமிஷம். பாலர்க்கு நீர் விடும் பொறுப்பையும், எந்த விதை எத்தனையாம் நாள் முளைத்ததென்று நோட்டில் குறிக்கும் பொறுப்பையும் கொடுக்கலாம். மிளகாய் கீறுவதை, தொலைக்காட்சிக்கு எதிரில் அமர்ந்திருக்கும் பெரியவர்கள், ஆணோ பெண்ணோ, சந்தோஷமாகச் செய்வார்கள். எந்த வேலையும் வீட்டில் ஒருவர் தலையிலேயே விழுமானால், அந்தத் தோட்டம் ஆவணியைத் தாண்டாது.

பொங்கலன்று பானையில் கட்டும் மஞ்சள் கொத்தையும், கூட்டிற்கு வேண்டிய அவரை, பரங்கியையும் கடையில் வாங்கப்போவோர் கூட்டத்தில் நாமும் நிற்பதா, கொல்லைக் கதவைத் திறப்பதா என்பது தை மாதத்தில் தீர்மானிக்கும் விஷயமன்று. இன்றிரவு பாத்திரம் கழுவி முடித்த கையோடு பத்து அவரை விதைகளை எண்ணி, ஒரு பழைய கைக்குட்டையை நனைத்து முடிந்து, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வையுங்கள். தினம் ஒரு தரம் நனைத்துக்கொண்டிருந்து ஐந்தாம் நாள் காலையில் குழந்தையைக் கூப்பிட்டு அவிழ்க்கச் சொல்லுங்கள்.