காலியின் கற்களை வாசிப்போம்

பூமியில் பயணம் செய்து, முன் வாழ்ந்தோரின் நிலையைச் சிந்திக்குமாறு அல்குர்ஆன் பல இடங்களில் எம்மைத் தூண்டுகிறது. ஆனால் கல்விச் சுற்றுலாக்களில் நாம் செய்வது என்ன? பஸ்ஸிலிருந்து இறங்குகிறோம், படம் எடுக்கிறோம், ஐஸ்கிறீம் வாங்குகிறோம், மீண்டும் ஏறிக்கொள்கிறோம். தென்னிலங்கையின் கரையோர நகரமான காலி, அவ்வாறு அவசரமாகப் பார்த்துவிட்டு வரக்கூடிய இடமன்று. அங்குள்ள கற்கள் வாசிக்கப்பட வேண்டியவை.

காலியில் முதலில் கோட்டையமைத்தவர்கள் போர்த்துக்கேயர். 1640இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், இன்று நாம் காணும் பெரும் மதில்களையும் கொத்தளங்களையும் எழுப்பினர். 1796இல் அது ஆங்கிலேயர் வசமானது. கோட்டையின் பழைய வாயிலில் இந்த ஆட்சி மாற்றத்தை நேரிலேயே காணலாம். உட்புறத்தில் 1669ஆம் ஆண்டைக் குறிக்கும் ஒல்லாந்தக் கம்பனியின் சின்னம். அதன் மேல் ஒரு சேவல். வெளிப்புறத்திலோ பிரித்தானிய அரச சின்னம். ஒரே வாயில், இரு ஆட்சிகள்!

சேவலைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்தே இந்நகருக்குப் பெயர் வந்தது என்று ஒரு கதை உண்டு. ஆனால் போர்த்துக்கேயர் வருவதற்கு ஏறத்தாழ 160 ஆண்டுகளுக்கு முன், 1344இல் இலங்கைக்கு வந்த பயணி இப்னு பதூதா, இவ்வூரைக் ‘காலி’ என்றே குறிப்பிட்டுள்ளார். இங்கு இப்றாஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தமக்கு விருந்தளித்ததாகவும் அவர் எழுதியுள்ளார். ஆகவே பெயரும் பழையது. இங்கு எமது சமூகத்தின் தடமும் பழையது.

மதில்மேல் நடந்தால் ஒரு பக்கம் நீலக் கடல், மறுபக்கம் ஓட்டுக்கூரை வீடுகள். கிழக்கு மூலையில், 1939இல் கட்டப்பட்ட வெண்ணிற வெளிச்சவீடு தென்னைகளுக்கிடையே எழுந்து நிற்கிறது. அதற்கெதிரே மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். தூரத்திலிருந்து பார்ப்போர் அதனைத் தேவாலயம் என்றே எண்ணுவர். நெருங்கிச் சென்றால்தான் பிறையும் அரபு எழுத்துகளும் கண்ணில் படும். சற்று உள்ளே, 1755இல் கட்டி முடிக்கப்பட்ட ஒல்லாந்தர் தேவாலயம் இருக்கிறது.

1988இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்த இக்கோட்டை வெறும் அழகுப் பொருளன்று. கடல் பெருகும்போது நீர் புகுந்து அழுக்கை அடித்துச் செல்லும் வண்ணம், ஒல்லாந்தர் இங்கு நிலத்தடிக் கால்வாய்களை அமைத்தனர். 2004 டிசம்பர் 26 சுனாமியில் வெளியே பஸ் நிலையமும் கிரிக்கெட் மைதானமும் சிதைந்தபோது, உள்ளே இருந்தோரைப் பெருமளவு காத்தவை இம்மதில்களே.

ஆனால் காலியின் மிக அரிய கல் இன்று காலியில் இல்லை. சீனத் தளபதி செங் ஹோ கொண்டுவந்த, 1409ஆம் ஆண்டுக்குரிய மும்மொழிக் கல்வெட்டு அது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரக் கோயிலின் தென்னாவர நாயனாருக்கும், பாரசீக மொழியில் இஸ்லாத்துக்கும் உரிய காணிக்கைகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. ஒரே கல்லில் மூன்று சமயங்களுக்கும் மரியாதை! தமிழ் அன்று இக்கரையின் வணிகர் அறிந்த மொழியாக இருந்தது என்பதற்கும் அது சான்று. அத்தகைய கல், 1911இல் கண்டெடுக்கப்பட்டபோது, நகரில் ஒரு மதகை மூடும் பலகையாகக் கிடந்தது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் பாதுகாக்கப்படுகிறது.

எத்தனை பேர் அதன்மேல் நடந்து சென்றிருப்பார்கள்! அவர்களைக் குறை கூறுமுன், எமது ஊரின் பழைய மீஸான் கற்களையும், பள்ளிவாசல் சுவர்களில் உள்ள எழுத்துகளையும் நாம் வாசித்திருக்கிறோமா என்று எம்மையே கேட்டுக்கொள்வோம். வாசிக்கத் தெரியாதவருக்குக் கல்வெட்டும் வெறும் கல்லே. அடுத்த சுற்றுலாவுக்குச் செல்லும்போது கமராவுடன் ஒரு குறிப்புப் புத்தகத்தையும் எடுத்துச் செல்வோம், தோழியரே!