கூரைச் சட்டங்களுக்கு மூலைவிட்டப் பிணைப்பு

சித்தூர் வட்டாரத்தில் தோத்தாபுரி மாம்பழத்தைக் கூழாக்கும் ஆலைகள், கிடங்குகள் போன்ற அகன்ற கூடங்களுக்கு எஃகு டிரஸ்களின் மேல் தகடு வேயும் முறை ஏற்றது. 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்தின் கூடூர், சூளூர்ப்பேட்டைப் பகுதிகளையும் சேர்த்துத் திருப்பதி தனி மாவட்டமாக்கப்பட்டபோது, கடற்கரையும் அதன் எல்லைக்குள் வந்தது. புயற்காற்றில் இத்தகைய கூரைகள் நிற்குமா என்பது இனி நிர்வாகத்தின் கேள்வியும் ஆகும்.

டிரஸ் முக்கோணங்களால் ஆனது. தன் தளத்தில் உறுதியானது. பக்கவாட்டிலோ நிற்கவைத்த அட்டையைப் போன்றது. டிரஸ்களை இணைக்கும் பர்லின்கள் உருவாக்குவது நாற்கரங்களையே. நாற்கரம் சாயும், டிரஸ்கள் யாவும் ஒருசேரச் சாயக்கூடும். இரு டிரஸ்களின் மேற்சட்டங்களுக்கிடையே மூலைவிட்டமாக ஆங்கிள் இரும்பைப் பொருத்தினால் நாற்கரம் முக்கோணங்களாகிவிடும். கூடத்தின் இரு முனைகளிலும், நீண்ட கூடமாயின் இடையிலும் இது தேவை. தூண்களுக்கிடையேயும் பிணைப்பு இருந்தால்தான் காற்றின் விசை அடித்தளத்தைச் சேரும்.

கீழ்ச்சட்டத்தைப் பலர் மறந்துவிடுகின்றனர். சாதாரண நாளில் அது இழுவிசையில் உள்ளது. புயல் கூரையை மேல்நோக்கி உறிஞ்சும்போது விசை தலைகீழாகி, பக்கப்பிணைப்பற்ற கீழ்ச்சட்டம் வளைந்துவிடலாம்.

கட்டும்போதும் கவனம் வேண்டும்: முதலிரு டிரஸ்களைப் பிணைத்த பின்னரே மூன்றாவதைத் தூக்குதல் முறை.

மொத்த எஃகில் இப்பிணைப்பின் பங்கு சிறிதே. ஆயினும் சிக்கனம் பேசுவோர் முதலில் கைவைப்பது இதில்தான். நல்ல நாளில் இது இல்லாமலும் கூரை நிற்குமல்லவா! மதிப்பீட்டில் இதனைத் தனி இனமாகக் காட்டி, தகடு வேயுமுன் அளவுப் புத்தகத்தில் பதிந்த பின்னரே தொகை வழங்குதல் நலம்.