செல்போன் கேமரா: எண்ணுக்கா விலை?

துவரம் பருப்பு மாதிரியைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியே நம்மில் பலர் பேரம் முடிக்கிறோம். படத்தில் நிறம் மாறினால் லோடு திரும்பி வந்துவிடும். எனவே கேமராவும் நமக்கு ஒரு தராசுதான்.

ஆனால் பெட்டியில் அச்சிட்ட மெகாபிக்சலுக்காக மட்டும் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை. 108 என்று போட்ட போன்கள் பெரும்பாலும் ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படமாகவே தருகின்றன. வெளிச்சத்தை வாங்கும் சென்சார் பெரியதா என்பதே முக்கியம். 2017இல் வந்த கூகுள் பிக்சல் 2 போனில் பின்பக்கம் ஒரே கேமரா, அதுவும் 12 மெகாபிக்சல்தான்; படத்துக்காகவே பெயர் வாங்கியது. மலிவு போன்களில் கூடுதலாக ஒட்டிவரும் 2 மெகாபிக்சல் லென்சுகள், மூட்டை எடையைக் கூட்டும் கல் மாதிரி.

வாங்கப் போகும்போது ஒரு பிடி பருப்பும் பழைய பில் ஒன்றும் கொண்டு செல்லுங்கள். விலை குறைந்த போனிலிருந்து தொடங்கி, கடையின் மங்கலான மூலையில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். பில்லின் எழுத்து கலங்கினாலோ, கையிலுள்ள பருப்பின் நிறம் படத்தில் மாறினாலோ அடுத்த போனைக் கேளுங்கள். கடைக்காரர் முகம் சுளிக்கலாம். நம் கடையில் பருப்பை வாயில் போட்டுப் பார்க்காத வாடிக்கையாளர் உண்டா என்ன?